முட்டியின் வெளிப்பக்க வலி, ஐடி பேண்ட், கை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பிசியோவாக வேலை செய்கிறேன். வருடத்தில் இரண்டு தடவை இந்த வலி என் அறைக்குள் வரிசையாக வந்து உட்காரும். ஒன்று தைப்பூசத்தை ஒட்டி, இன்னொன்று பாலத்து மாரத்தானுக்குப் பயிற்சி சூடுபிடிக்கும் மாதங்களில். வருகிறவர்கள் வேறு, கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முட்டியின் வெளிப்பக்கம் வலித்தாலே ஐடி பேண்ட்தானா?

இல்லை. ஐடி பேண்ட் (இலியோடிபியல் பேண்ட்) என்பது தொடையின் வெளிப்பக்கம் இடுப்பிலிருந்து முட்டி வரை இறங்கும் ஒரு பட்டை. அதன் வலிக்கென்று ஒரு ஜாடை இருக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்றாவது கிலோமீட்டரோ நான்காவதோ, கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் அதே தூரத்தில், வெளிப்பக்கம் சுருக்கென்று பிடிக்கும். நின்றால் அடங்கும். மறுபடி ஓடினால் அடுத்த நிமிடமே வந்துவிடும். படி ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் பாடு. சிலர் முட்டியை மடக்காமல் காலை மரக்கட்டை போல விறைத்துக்கொண்டு இறங்குவார்கள். அதைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிடும்.

"எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க" என்றுதான் முதலில் கேட்பேன். ஐடி பேண்ட் வலி உள்ளவர் மூட்டு இடுக்குக்கு இரண்டு விரற்கடை மேலே, வெளிப்பக்கமாகத் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் விரலை வைப்பார். முட்டிச் சிப்பி வலிக்காரர் உள்ளங்கையால் முன்பக்கம் முழுவதையும் பொத்திக் காட்டுவார். விரல் சரியாக மூட்டு இடுக்கில் போய் நின்றால் ஜவ்வைப் பற்றி யோசிக்க வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கோடு இழுத்துக் காட்டினால் நான் முட்டியை விட்டுவிட்டு முதுகைப் பார்ப்பேன்.

பிறகு படுக்கவைத்து முட்டியை மடக்கி, அந்தப் புடைப்பில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே காலை மெதுவாக நீட்டச் சொல்வேன். கால் முழுதாக நீள இன்னும் 30 டிகிரி இருக்கும்போது "ஆ, இதேதான்!" என்று ஒரு சத்தம் வரும். நோபிள் சோதனை என்று இதற்குப் பெயர். கதையும் விரலும் இந்தச் சத்தமும் ஒத்துப்போனால் ஸ்கேனுக்கு ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

அது என்ன பேண்ட்? தசையா, நரம்பா?

இரண்டும் இல்லை. தொடையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது வெளிப்பக்கத்தில் மட்டும் தடித்துப் பட்டையாகிறது, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து முட்டிக்குக் கீழே கால் எலும்பின் முன்வெளி முண்டு வரை. கோழித் தொடையை உரிக்கும்போது வெள்ளையாக, கத்திக்கும் வளையாமல் ஒரு சவ்வு வருமே, அந்த ரகம், ஆனால் பல மடங்கு தடிமன். மேலே இரண்டு தசைகள் இதைப் பிடித்து இழுக்கின்றன. ஒன்று இடுப்பின் முன்பக்க மூலையில் இருக்கும் சின்னத் தசை, மற்றது பிட்டத்தின் பெரிய தசை. இன்னொரு விஷயம்: இந்தப் பட்டை நெடுகத் தொடை எலும்போடு ஒட்டிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. கயிறு போலத் தனியாகத் தொங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டை எலும்பில் உரசுவதால்தான் வலி என்று படித்தேன். சரியா?

வெகு காலம் அப்படித்தான் சொன்னார்கள். 1975இல் ஜேம்ஸ் ரென் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், மரைன் படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் இந்த வலியைக் கண்டு எழுதியபோது, 'உராய்வு' என்ற சொல்லையும் நோயின் பெயரிலேயே சேர்த்துவிட்டார். முட்டி மடங்கி நீளும்போது பட்டை முன்னும் பின்னும் நழுவி எலும்பில் தேய்கிறது என்பது அந்த விளக்கம். 2006இல் ஃபேர்கிளஃப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் உடற்கூற்றைப் பிரித்துப் பார்த்து, எலும்போடு ஒட்டியிருக்கும் பட்டை அப்படி நழுவ வழியில்லை என்றார்கள். பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே நரம்பு நுனிகள் நிறைந்த ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. முட்டி 30 டிகிரி அளவில் மடங்கும்போது அது நசுங்குகிறது. வலிப்பது அந்தத் திண்டு என்பது அவர்கள் முடிவு. எனக்கும் இதுதான் பொருத்தமாகப் படுகிறது. தேய்கிறதா நசுங்குகிறதா என்பது வெறும் வாய்ச்சண்டை இல்லை. நசுங்கி வீங்கிய இடத்தை மறுபடி அழுத்தலாமா கூடாதா என்பது இதில்தான் தொங்குகிறது.

கையால் அழுத்தித் தேய்த்தால் பட்டை நீளுமா?

நீளாது. இதைக் கேட்டதும் சிலர் முகம் தொங்கிவிடுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2008இல் வெளிவந்த ஒரு கணித மாதிரி ஆய்வு, தொடை உறையை 1 சதவீதம் அமுக்கவே மனிதக் கை தரும் அழுத்தம் போதாது, உடல் தாங்கும் அளவுக்கும் மேலான விசை வேண்டும் என்று காட்டியது. "பட்டை இறுகிப்போச்சு, இழுத்து விடணும்" என்று யாராவது சொன்னால், இழுபடுவது பட்டை இல்லை, அதன் மேல் முனையில் இருக்கும் தசைகள்.

பட்டை இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஓபர் சோதனை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல் காலைப் பின்னால் கொண்டுபோய்க் கீழே விடுவது. கால் இறங்காவிட்டால் பட்டை இறுக்கம் என்று கணக்கு. 2016இல் சடலங்களில் பட்டையையே வெட்டிவிட்டு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். கால் இறங்கும் அளவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பிட்டத்தின் நடுத் தசையையும் இடுப்பு மூட்டின் உறையையும் வெட்டிய பிறகுதான் கால் கீழே போனது. நானே எத்தனையோ பேரிடம் "உங்கள் பட்டை டைட்" என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

அப்படியென்றால் உங்கள் கை எதற்கு?

நியாயமான கேள்வி. ஒருவருக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறார், வாரம் மூன்று நாள் ஓட்டம். முதலில் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஸ்டூலில் ஏற்றி, வலிக்கிற காலில் நின்று மறுகாலால் மெதுவாகத் தரையைத் தொட்டு மீளச் சொன்னேன். மூன்றாவது தடவையே வலி வந்தது. பத்துக்கு எவ்வளவு என்றேன், ஆறு என்றார். இந்த எண்ணைக் குறித்துக்கொள்வது முக்கியம். இது இல்லாவிட்டால் சிகிச்சை முடிந்ததும் "கொஞ்சம் லேசா இருக்கு" என்ற மரியாதைப் பேச்சுதான் மிஞ்சும்.

பிறகு நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை. கால்சட்டைப் பையில் கை விடும் இடத்தில் அந்தச் சின்னத் தசை இருக்கிறது. விரல் முட்டியால் மெதுவாக இறங்கி, தசை எதிர்க்கும் இடத்தில் நின்று, தள்ளாமல் காத்திருந்தேன். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அவர் மூச்சு இறங்கும்போது கையும் தானாகக் கொஞ்சம் இறங்கும்.

"தம்பி, இன்னும் நல்லா அழுத்துங்க. வலிச்சாத்தானே சரியாகும்?"

"இல்லண்ணே. பத்துக்கு நாலைத் தாண்டினா உடம்பு எதிர்த்து நிக்கும். நாலுக்குள்ளேயே இருக்கட்டும்."

அடுத்து, பர்ஸ் வைக்கும் பைக்குச் சற்று மேலே, பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை. இங்கே முழங்கையின் தட்டையான பகுதி, நுனி இல்லை. அதற்கு அடுத்து தொடையின் வெளிப்பக்கத் தசை. இது பட்டைக்கு அடியில் படுத்திருப்பது. இரண்டு உள்ளங்கையாலும் தசையைப் பற்றி மேலும் கீழுமாக அசைத்தேன், சப்பாத்தி மாவை உருட்டுவதுபோல் அல்ல, மெத்தைக்கு அடியில் துணி சிக்கிக்கொண்டால் அசைத்து அசைத்து எடுப்போமே, அதுபோல. பிறகு அவர் காலை என் கைக்கு எதிராக ஐந்து விநாடி மெல்லத் தள்ளச் சொல்லி, விடச் சொல்லி, விட்டதும் கிடைத்த அந்தக் கொஞ்ச இடத்தில் காலை நகர்த்தினேன். நான்கைந்து தடவை. கடைசியாக முட்டிச் சிப்பியை உள்பக்கமாகக் கட்டைவிரல்களால் நகர்த்திவிட்டேன், ஏனென்றால் பட்டையின் ஒரு பகுதி சிப்பியின் வெளி ஓரத்தையும் பிடித்திருக்கிறது.

மொத்தம் இருபது நிமிடம். மறுபடி ஸ்டூல். பன்னிரண்டு தடவை போனார், வலி இரண்டு. பட்டை நீண்டதா? இல்லை. தசைகளின் விறைப்பு இறங்கியது, நரம்பு மண்டலம் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பயம் தெளிந்தது. அவ்வளவுதான் கை செய்யக்கூடியது. சில மணி நேரம் இருக்கும், சிலருக்கு இரண்டு நாள். அந்த நேரத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிவிட்டால் கைக்கு அர்த்தம் உண்டு. எழுந்து போய் வழக்கம்போல ஓடினால் அடுத்த வாரம் அதே ஸ்டூல், அதே ஆறு.

வலிக்கும் இடத்திலேயே தேய்த்துவிடக் கூடாதா?

நான் படித்து முடித்த புதிதில் அதைத்தான் செய்தேன். குறுக்காக ஆழத் தேய்ப்பது, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். ஒரு பெண் மறுநாள் நொண்டிக்கொண்டு வந்து, "அண்ணா, நேத்து வரைக்கும் இறங்கும்போதுதான் வலிச்சது, இப்ப உட்கார்ந்தாலும் வலிக்குது" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்தத் தேய்ப்பு முறையை 1990களின் தொடக்கத்திலேயே ஓட்டக்காரர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் மற்ற சிகிச்சையோடு இதையும் சேர்த்ததால் கூடுதல் பலன் என்று எதுவும் தெரியவில்லை. நசுங்கிப் புண்ணாகியிருக்கும் கொழுப்புத் திண்டை நான் என் பங்குக்கும் நசுக்கியிருக்கிறேன். இப்போது அந்தப் புடைப்பைச் சோதிக்க மட்டும்தான் தொடுவேன்.

ஃபோம் ரோலர்?

உடம்புக்கு அடியில் வைத்து உருட்டும் அந்த உருளையை இடுப்பு மூலை, பிட்டம், தொடையின் முன்பக்கம், இங்கெல்லாம் உருட்டுங்கள். முட்டிக்கு ஒரு சாண் மேலேயே நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டை மேலேயே உருட்டுவது வீரம்தான், வைத்தியம் இல்லை.

உருத், கப்பிங், தைலம் எல்லாம் போட்டுப் பார்க்கலாமா?

கோடாலித் தைலம் போட்டால் சில்லென்று இருக்கும், வலி கொஞ்சம் மறக்கும், கெடுதல் இல்லை. மலாய்க்கார அம்மாக்கள் பிடித்துவிடும் உருத், அதாவது மலாய் மசாஜ், நல்ல கையில் கிடைத்தால் நான் மேலே சொன்ன தசைத் தளர்வு அதிலும் கிடைக்கும். தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சும் கப்பிங்கும் சிலருக்கு அப்படித்தான். ஒரே வேண்டுகோள்: முட்டிப் புடைப்பின் மேல் வேண்டாம். அப்புறம், "நரம்பு சுத்திக்கிச்சு, நெட்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்று முட்டியை வெடுக்கென்று திருப்ப வருகிறவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

யாருக்கு இந்தக் கை சிகிச்சை கூடாது?

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆழமான அழுத்தம் வேண்டாம். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பல வருடமாக இருந்து காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் கேட்கிற "பத்துக்கு எவ்வளவு" என்ற கேள்விக்கு அவர்களால் சரியான பதில் சொல்ல முடியாது, நானும் அளவு தெரியாமல் அழுத்திவிடுவேன். நம் வீடுகளில் இந்த நோய் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் கேட்கும்வரை யாரும் சொல்வதில்லை.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, மூட்டே வீங்கிச் சூடாக இருப்பது, காய்ச்சல், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் பிசியோவுக்கு முன் டாக்டர்.

எத்தனை தடவை வர வேண்டும்?

நான்கிலிருந்து ஆறு, ஆறு வாரத்தில். முதல் இரண்டு வாரம் வாரம் ஒன்றிரண்டு தடவை, பிறகு இடைவெளி விட்டு. நான்காவது தடவையிலும் ஸ்டூல் எண்ணில் மாற்றமில்லை என்றால் என் கணிப்பு தப்பு, வேறு எதையோ தவறவிட்டிருக்கிறேன் என்று பொருள். இருபது தடவைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். அரசு மருத்துவமனையிலும் பிசியோ உண்டு. டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், செலவு மிகக் குறைவு.

எங்கே போனாலும் பதிவுபெற்ற பிசியோவா என்று கேளுங்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலேசியாவில் பிசியோக்கள் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் இருந்தால் அவரை விட்டுவிடலாம்.

பயிற்சி என்று எதைச் சொல்கிறீர்கள்?

இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குத்தான் முதல் வேலை. 2000இல் ஃபிரெடரிக்ஸனும் அவர் குழுவும் இந்த வலி உள்ள 24 ஓட்டக்காரர்களைப் பார்த்தார்கள். வலிக்கிற பக்கத்து இடுப்புத் தசை பலவீனமாக இருந்தது. ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு 22 பேர் வலியில்லாமல் ஓடினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு ஒன்று இல்லை என்பதால் எல்லாப் புகழையும் பயிற்சிக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் என் அறையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

சுவரோரமாக ஒருக்களித்துப் படுங்கள், முதுகு சுவரில். மேல் காலின் குதிகாலைச் சுவரில் ஒட்டியபடியே தூக்கி இறக்குங்கள், பெருவிரல் கூரையைப் பார்க்காமல். சுவர் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் எல்லோரும் காலை முன்னால் கொண்டுவந்து ஏமாற்றுவார்கள், நானும் ஏமாற்றுவேன். பதினைந்து தடவை, மூன்று சுற்று. இது சுலபமானதும் படியோரம் ஒற்றைக் காலில் நின்று, தொங்கும் பக்கத்து இடுப்பை இறக்கி ஏற்றுவது. அதற்கு மேல், அந்த ஸ்டூலிலேயே மெதுவாக இறங்குவது. சோதனையாக இருந்தது பயிற்சியாகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

அதுவரை ஓடலாமா?

வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நின்றுவிட்டால் ஓடலாம். மூன்றாவது கிலோமீட்டரில் வருகிறதென்றால் இரண்டோடு நிறுத்துங்கள், நடுவில் நடை சேருங்கள். யூத் பார்க் பக்கம், கர்னி கடலோரம், இப்படிச் சமதரை. கொடிமலை ஜீப் பாதையில் ஏறலாம், ஓடி இறங்க வேண்டாம். தாவரவியல் பூங்கா வாசல் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் செங்குத்து இறக்கம் அது. இறங்கும்போது முட்டி அந்த 30 டிகிரியிலேயே சுமை தாங்குகிறது. ஏறிவிட்டு ரயிலில் இறங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியமான ஒன்று: சிலருக்கு மெதுவாக ஓடினால்தான் அதிகம் வலிக்கும். வேகமாக ஓடும்போது பாதம் தரையில் படும் நேரத்தில் முட்டி கூடுதலாக மடங்கியிருக்கும், அந்த 30 டிகிரியில் தங்காது. வேகத்தைக் கூட்டாமலே ஒன்று செய்யலாம். நிமிடத்துக்கு எத்தனை காலடி என்று எண்ணி, அதில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டுங்கள். 160 அடி என்றால் 170 பக்கம். அடி குறுகும், முட்டிக்குச் சுமை குறையும். சாலையின் ஒரே ஓரத்தில் எப்போதும் ஓடுகிறவர்கள் பக்கத்தை மாற்றிப் பாருங்கள், சாலை ஓரமாகச் சரிந்திருக்கும்.

தைப்பூசத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. காவடி எடுக்க வேண்டிக்கொண்டேன். தண்ணீர்மலை ஏற முடியுமா?

வேண்டுதலில் நான் குறுக்கிட மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். பத்துமலையின் 272ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு முன்னால் பல மணி நேரம் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடை, தோளில் பாரம். ஏறும்போது இந்த வலி அதிகம் தொந்தரவு செய்யாது. காவடியை இறக்கிவைத்து, களைத்துப்போய், தூக்கமில்லாமல் இறங்குகிறீர்களே, அங்கேதான் பிடிக்கும்.

ஒரு மாதத்தில் செய்யக்கூடியது உண்டு. இன்றே சுவரோரப் பயிற்சி. வீட்டு மாடிப்படியில் வாரம் மூன்று நாள், ஐம்பது படியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வலி நாலைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்தி. பயிற்சிக்கும் கொஞ்சம் வெறுங்கால் நடை சேருங்கள், அன்றைக்குத் திடீரென்று செருப்பைக் கழற்றினால் பாதமே முதலில் மறுக்கும். கை சிகிச்சைக்கு வருவதென்றால் இரண்டு நாள் முன்னதாக வாருங்கள், முதல் நாள் இரவு வேண்டாம். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து, ஒவ்வொரு படியாக. கூட்டம் பின்னால் தள்ளும், தள்ளட்டும், ஓரமாகப் போங்கள்.

ஊசி போட்டால் உடனே சரியாகுமா?

ஸ்டீராய்டு ஊசி, வலி புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் ஓடும்போது வரும் வலியைக் குறைத்ததாக 2004இல் ஓர் ஆய்வு உண்டு. படி இறங்கவே முடியாதபடி வலி உக்கிரமாக இருந்து பயிற்சியே தொடங்க முடியாதவர்களுக்கு டாக்டர் அதைச் சொல்லலாம். அதை முடிவு செய்வது அவர்தான், நான் இல்லை.

ராத்திரி எப்படிப் படுப்பது?

நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் மேல் கால் முன்னால் சரிந்து விழும், பட்டை அந்தத் திண்டை இழுத்து அமுக்கும். முட்டியிலிருந்து கணுக்கால் வரை நீளமாக ஒரு தலையணை கொடுங்கள். பஞ்சுத் தலையணையைவிட, பழைய போல்ஸ்டர் இருந்தால் அது இன்னும் நல்லது. மல்லாந்து படுக்க முடிந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம்.